டிக்கெட் விலையும் நம்முடைய இருக்கையும்: கரிசலில் ஓடிய பேருந்தின் வரலாறு

நாகலாபுரத்தில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில், கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கவர்மெண்டு பஸ்ஸு நட்டத்துல ஓடுதுங்காங்க. அப்பொ டிக்கெட்டக் கூட்டத்தான செய்யணும்?"

நியாயமான கேள்வி. எங்களில் சிலர் உடனே "அதெல்லாம் அரசாங்கத்தோட பொறுப்பு" என்று சொல்லி முடிக்கப் பார்த்தோம். அவள் விடவில்லை. "பொறுப்புன்னா காசு எங்க இருந்து வரும்?" என்றாள். அன்று எங்களிடம் ஒழுங்கான பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. கட்டணத்தை அரசு கூட்டும்போது போக்குவரத்துக் கழகத்தின் வருமானம் என்ன ஆகிறது, அந்தக் கணக்கில் நம் சனங்கள் எந்தப் பத்தியில் வருகிறார்கள் என்பதுதான் விஷயம். ஆனால் அதைப் பேச, நாம் பேருந்தில் ஏறிய கதையிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

காசு இருந்தும் ஏற முடியாத காலம்

1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக் கட்டடம் எதிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் செல்வதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. சாலையில் நடக்கும் உரிமைக்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது. அந்தச் சாலையில் ஓடிய மோட்டார் பஸ்ஸில் உட்காரும் உரிமை இன்னும் தூரத்தில் இருந்தது.

அன்று பஸ்கள் எல்லாம் தனியார் முதலாளிகளுடையவை. நம் பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் பஞ்சமர்களை ஏற்ற மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லி வண்டி ஓட்டினார்கள். ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சவுந்திரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. டிக்கெட்டுக்குக் காசு இல்லாததால் நாம் வெளியே நிற்கவில்லை. மடியில் காசை முடிந்துகொண்டு வெளியே நின்றோம். முதலாளிக்கு வருமானத்தைவிடச் சாதி பெரிதாக இருந்தது. "வியாபாரம் சாதி பார்க்காது" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

அண்ணல் அம்பேத்கருக்கே இது நடந்தது. 1929இல் சாலிஸ்கானில் அவரை ஏற்றிப் போக எந்தக் குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டத் தெரியாத ஒருவரை வைத்து ஓட்டியதில் அவர் கீழே விழுந்து கால் முறிந்தது. வெளிநாட்டில் படித்து முனைவர் பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் வாங்கியவருக்கு அதுதான் கதி. பயணம் என்பது நமக்கு எப்போதும் வெறும் பயணமாக இருந்ததில்லை.

அரசு பஸ் வந்தது

1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பேருந்துகள் பெரிய அளவில் நாட்டுடைமையாயின. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், மதுரையில் டி.வி.எஸ். வண்டிகளை எடுத்து உருவான பாண்டியன், நம் திருநெல்வேலிச் சீமைக்குக் கட்டபொம்மன் எனக் கழகங்கள் வந்தன.

அரசு பஸ் சாதியை ஒழித்துவிடவில்லை. ஆனால் ஒன்றைச் செய்தது. நடத்துநர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் தெருவின் பெயர் இல்லை. மேலத்தெருக்காரருக்கும் கீழத்தெருக்காரருக்கும் ஒரே விலை, ஒரே சீட்டு. ஊருக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த நம் தாத்தாக்கள், பஸ்ஸில் ஏறியதும் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் வீடுகளில் பாட்டிமார் சொல்லக் கேட்டது இது.

கரிசல் பூமியில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. இது மானாவாரி நாடு. மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு, மிளகாய், மல்லி. பெய்யாவிட்டால் வேலிமரம் வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டும். உள்ளூரில் வேலை கொடுப்பவர் ஒருவர்தான், நிலம் வைத்திருப்பவர். அவர் சொல்வதுதான் கூலி. கோவில்பட்டிக்கோ விளாத்திகுளத்துக்கோ அருப்புக்கோட்டைக்கோ போய் வேலை தேடலாம் என்ற வழி இருந்தால் மட்டுமே அவரிடம் "இந்தக் கூலிக்கு வர முடியாது" என்று சொல்ல முடியும். அந்த வழிதான் பஸ். சித்தாளாகப் போன பெண்ணும், காலேஜுக்குப் போன பையனும், பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனவளும் இந்த வழியில்தான் போனார்கள்.

இங்கே இன்னொரு வண்டியும் ஓடியது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. விடியுமுன் ஊருக்குள் வந்து பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அதற்கு டிக்கெட் கிடையாது. வீட்டு வாசலில் இருந்து வேலை இடம் வரை ஓசிப் பயணம். பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸுக்குக் காசு, தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்குக் காசில்லை என்றால் ஏழை வீட்டில் எது ஜெயிக்கும்? கட்டண உயர்வைப் பேசும்போது இந்த இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

பஸ்ஸே போர்க்களமானது

பஸ் நம்மை வெளியே கொண்டுபோனது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் மாணவர்களுக்கும் நடந்த தகராறு சாதிக் கலவரமாகித் தென்மாவட்டங்களில் பரவியது. அதன் தொடர்ச்சியில் ஆகஸ்ட் 31 அன்று நம் மாவட்டத்துக் கொடியங்குளத்துக்குள் போலீஸ் படை புகுந்தது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கொஞ்சம் நிமிர்ந்திருந்த தேவேந்திரர் கிராமம் அது. வீடுகளை உடைத்தார்கள். படிப்புச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் அழித்தார்கள். எதை அழித்தார்கள் என்று கவனியுங்கள். ஊரைவிட்டு வெளியே போக உதவும் காகிதங்களை.

இரண்டு ஆண்டு கழித்து, 1997இல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு அறிவித்தது. ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்தவர், கட்டபொம்மனின் தளபதி, நம் கரிசல் மண்ணின் பிள்ளை. சேரன் ஓடியது, சோழன் ஓடியது, மருது பாண்டியர் ஓடியது, தீரன் சின்னமலை ஓடியது. எவரும் எதிர்க்கவில்லை. சுந்தரலிங்கம் பெயரைத் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, சாவுகள். கடைசியில் அந்த ஆண்டு ஜூலையில் எல்லாக் கழகங்களில் இருந்தும், எல்லா மாவட்டங்களில் இருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. சென்னையில் ஓடிய டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அதோடு போனது.

இன்று வண்டிகளில் எந்தத் தலைவரின் பெயரும் இல்லை, அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றே இருக்கிறது. பொதுவான பெயர்தான். ஒரு தலித் வீரனின் பெயரை ஏற்க முடியாமல் வந்த பொதுமை அது என்பதை மட்டும் மறக்காதீர்கள். போர்க்களமும் முடிந்துவிடவில்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் போன பட்டியல் சமூக மாணவன் ஒருவனைப் பேருந்தை மறித்து வெட்டினார்கள்.

28 பைசாவிலிருந்து 60 பைசாவுக்கு

இப்போது கட்டணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதில்லை. தேர்தல் பயத்தில் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். பிறகு ஒரே இரவில் தலையில் விழும். 2001க்குப் பிறகு 2011 நவம்பர். அதற்குப் பிறகு 2018 ஜனவரி.

2011இல் புறநகர் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 28 பைசாவாக இருந்தது 42 பைசா ஆனது. விரைவுப் பேருந்துக்கு 32 பைசா, 56 பைசா ஆனது. 2018 ஜனவரி 20 அன்று அந்த 42 பைசா 60 ஆகவும், 56 பைசா 80 ஆகவும் ஏறின. மாநிலம் முழுக்க மாணவர்கள் சாலைக்கு வந்தார்கள். மறியல், கைது, தடியடி. பத்து நாளுக்குள் அரசு கொஞ்சம் இறங்கி 60ஐ 58 ஆகவும், 80ஐ 75 ஆகவும் குறைத்தது. இரண்டு பைசாவும் ஐந்து பைசாவும்!

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 40 கிலோமீட்டர் தூரம், போக வர 80 கிலோமீட்டர். சாதாரண வண்டியில் 2011 உயர்வுக்கு முன் 22 ரூபாய் 40 காசு. உயர்வுக்குப் பின் 33 ரூபாய் 60 காசு. 2018 ஜனவரியில் 48 ரூபாய். இதோடு நூறு நாள் வேலையில் அந்தந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட கூலியைச் சேர்த்துப் பாருங்கள். 2011இல் 119 ரூபாய், 2018 ஜனவரியில் 205 ரூபாய். அதாவது 2011இல் ஒரு நாள் கூலியில் நூற்றுக்கு 19 ரூபாயாக இருந்த பஸ் செலவு ஒரே இரவில் 28 ஆனது. 2018இல் 16 ரூபாயாக இருந்தது 23 ஆனது. அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வரவில்லை என்பது நூறு நாள் வேலைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். சாதாரண வண்டி வராத ஊரில் விரைவு வண்டிக்குத்தான் ஏற வேண்டும் என்பதும் தெரியும்.

காணாமல் போன 20 பேர்

கட்டணம் ஏறினால் கழகத்துக்கு வருமானம் கூடுமா? கூடும். ஆனால் அறிவிப்பில் சொல்கிற அளவுக்குக் கூடாது. ஏன் என்பதை ஒரு எளிய உதாரணத்தில் பார்க்கலாம். இது புரிவதற்கான கணக்கு மட்டுமே.

ஒரு நடையில் 100 பேர், ஆளுக்கு 10 ரூபாய். வசூல் 1,000 ரூபாய். டிக்கெட்டை 14 ரூபாய் ஆக்குகிறார்கள். 100 பேரும் ஏறினால் 1,400. ஆனால் 20 பேர் ஏறவில்லை. மீதி 80 பேர் கொடுத்தது 1,120. கழகத்தின் ஏட்டில் 120 ரூபாய் லாபம் என்று எழுதுவார்கள். கிலோமீட்டருக்கான வருமானம் கூடிவிட்டது என்று அறிக்கையும் வரும். அந்த 20 பேரைப் பற்றி ஏட்டில் எந்தப் பத்தியும் இல்லை.

அந்த 20 பேர் யார்? சம்பளக்காரர் இல்லை, அவர் கூடக் குறைய கொடுத்துப் போய்விடுவார். பைக் வாங்க முடிந்த ஆண்கள் தவணையில் வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது கூலிக்குப் போகும் பெண், வயதானவர், வாரத்தில் இரண்டு நாள் டவுனுக்கு மருந்து வாங்கப் போகிறவர், பாஸ் செல்லாத நேரத்தில் டியூஷனுக்குப் போகும் பிள்ளை. கரிசல் கிராமத்தில் இவர்களை எண்ணினால் பெரும்பாதி நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். நிலம் இல்லாதவர்கள்தானே தினமும் வெளியே போக வேண்டியவர்கள்!

கதை அதோடு நிற்காது. ஆள் குறைந்ததும் "இந்த ரூட்டில் கலெக்‌ஷன் இல்லை" என்று நடையைக் குறைப்பார்கள். முதலில் வெட்டுவது காலை முதல் நடையையும் இரவுக் கடைசி நடையையும்தான். கடைசி நடை போய்விட்டால் டவுனில் மாலை வரை வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த வேலையே போய்விடும். பிறகு ஆள் இன்னும் குறையும். நாங்கள் போன ஒரு ஊரில் பஸ் நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன. "பஸ்ஸு நின்ன பெறகு பழைய மொதலாளி காட்டுக்கே திரும்பிட்டோம்" என்றார் ஒரு அம்மா. எந்த அறிக்கையிலும் ஏறாத நட்டக் கணக்கு அதுதான்.

யாருடைய நட்டம்?

கழகங்களுக்கு நட்டம் இருப்பது உண்மை. அதை மறுத்துப் பேசுவதில் பயன் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்றது. கொரோனா காலத்து முடக்கமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் 2018இல் 43 விழுக்காடு உயர்த்திய பிறகு மூன்று ஆண்டில் வந்த கணக்கு இது. கட்டண உயர்வு ஒன்றே மருந்து என்றால் நோய் இவ்வளவு முற்றியிருக்கக் கூடாது.

நட்டத்தின் காரணங்கள் டிக்கெட்டுக்கு வெளியே இருக்கின்றன. 2013 ஜனவரியில் மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு மானியத்தை ஒன்றிய அரசு நிறுத்தியது. லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்ததால், அரசு பஸ்கள் சொந்தப் பணிமனையில் டீசல் போடுவதை விட்டுவிட்டுச் சாதாரண பங்குகளில் போய் வரிசையில் நின்றன. மக்களுக்காக ஓடும் பஸ்ஸைப் பெரிய கம்பெனியோடு ஒரே தட்டில் வைத்த கொள்கையின் செலவு அது.

தொழிலாளிகளையும் மறக்கக் கூடாது. 2018 ஜனவரியில் கட்டணம் ஏறியது, ஓட்டுநர் நடத்துநர்களின் எட்டு நாள் வேலைநிறுத்தம் முடிந்து சில நாட்களில். "அவங்க சம்பளம் கேட்டதாலதான் உங்க டிக்கெட் ஏறுச்சு" என்று ஏழைப் பயணியை ஏழைத் தொழிலாளிக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். அந்தக் காக்கிச் சட்டையில் நம் வீட்டு அண்ணன்மார் எத்தனை பேர்! இடஒதுக்கீட்டின் வழியாக முதல் தலைமுறை அரசு வேலைக்குப் போன இடங்களில் பணிமனையும் ஒன்று.

பூஜ்ஜிய டிக்கெட் சொன்ன உண்மை

2021 ஏப்ரலில் 'கர்ணன்' படம் வந்தது. பஸ் நிற்காத ஊரின் கதை. அடுத்த மாதம், மே 8 முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது.

கழகத்தின் வருமானம் என்ன ஆனது? டிக்கெட் காசுக்குப் பதிலாக அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. முதலில் 1,200 கோடி ரூபாய் என்றார்கள். 2023–24 பட்ஜெட்டில் 2,800 கோடி, 2024–25இல் 3,050 கோடி ஒதுக்கினார்கள். தொகை ஏன் இப்படி ஏறியது? ஏறிய பெண்கள் அவ்வளவு பேர். பயணிகளில் 40 விழுக்காடாக இருந்த பெண்கள் 60ஐத் தாண்டினார்கள். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது.

இந்த எண்ணை அந்த 20 பேரோடு பொருத்திப் பாருங்கள். காணாமல் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பயணம் போகத் தேவையில்லாமல் அவர்கள் வீட்டில் இருக்கவில்லை, காசு இல்லாமல் இருந்தார்கள் என்பது அன்றுதான் ஏட்டில் பதிவானது.

குறையும் இருக்கிறது. இந்தச் சலுகை சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு என்றுதான் தொடங்கியது. எங்கள் கரிசலில் பல ஊர்களுக்கு வருவது புறநகர் வண்டி, இல்லாவிட்டால் தனியார் வண்டி. அங்கே பெண்கள் இன்றும் காசு கொடுக்கிறார்கள். அதோடு, கை காட்டியும் வண்டி நிற்காமல் போவது, "ஓசி" என்று முகத்துக்கு நேரே சொல்வது. ஒரு அமைச்சரே மேடையில் அந்தச் சொல்லைச் சொன்னார். தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிய பிள்ளையை யாரும் "ஓசி" என்று ஏசியதில்லை. முதலாளிக்கு வேலை செய்யப் போனால் அது ஓசி இல்லை, தன் வேலைக்குப் போனால் ஓசியா?

தங்கைக்குப் பதில்

அமெரிக்காவில் மான்ட்கோமரி நகரத்தில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள். பயணிகளில் நான்கில் மூன்று பங்கு அவர்கள்தான். வருமானம் விழுந்ததும் பஸ் கம்பெனி 10 சென்ட் டிக்கெட்டை 15 சென்ட் ஆக்கியது. பிரிவினை இருக்கையை உடனே விட்டிருந்தால் அடுத்த நாளே வசூல் திரும்பியிருக்கும். அதைச் செய்ய மனம் இல்லாமல் விலையை ஏற்றினார்கள். டிக்கெட் விலைக்குப் பின்னால் யாரை ஏற்றுவது என்ற முடிவு ஒளிந்திருக்கிறது என்பதை அந்த மக்கள் உலகத்துக்குக் காட்டினார்கள்.

எனவே தங்கையே, எங்கள் பதில் இது. கட்டணத்தை ஒருபோதும் தொடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. டீசலும் டயரும் சம்பளமும் ஏறும், பஸ் ஓட வேண்டும். ஆனால் நட்டம் என்று ஒரு கணக்கைக் காட்டினால், அதில் நடை வெட்டிய ஊர்களும் ஏறாமல் போனவர்களும் இருக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும். கட்டணமில்லாப் பயணத்துக்கான ஈட்டுத்தொகையைக் கழகத்துக்கு அரசு பாக்கி இல்லாமல் கொடுக்க வேண்டும். அதைப் பொது நிதியில் இருந்து கொடுக்க வேண்டும். பட்டியல் சமூகத்துக்கான துணைத்திட்டப் பணத்தில் கை வைக்கக் கூடாது. அந்தப் பணத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, அதைப் படித்து வையுங்கள். நகரப் பேருந்து வராத கிராமத்துப் பெண்ணுக்கும் அந்தப் பயணம் கிடைக்க வேண்டும்.

வேலையும் இருக்கிறது. உங்கள் ஊருக்கு ஐந்து ஆண்டுக்கு முன் எத்தனை நடை வந்தது, இன்று எத்தனை வருகிறது, எது எப்போது ஏன் நின்றது என்று பணிமனைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்ததும் தெருவில் உட்கார்ந்து, நின்றுபோன நடையில் யார் யார் போய்க்கொண்டிருந்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். கழகத்தின் ஏட்டில் இல்லாத பத்தியை நாம்தான் எழுத வேண்டும். அடுத்த முறை கட்டண உயர்வு அறிவிப்பு வரும்போது, அந்த ஏடு நம் கையில் இருக்கட்டும்.

ஜெய்பீம்.